மிஸ்வாக்கும் வேப்பங்குச்சியும்: ஈறு நோய் குறித்த ஒரு வரலாற்றுப் பார்வை

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...



ரமலானில் ஒரு நாள் லுஹர் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்து கொண்டிருந்தபோது, எங்கள் காத்திவாக்கத்துப் பெரியவர் ஒருவர் நம்மை ஓரமாக அழைத்துச் சென்றார். ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய் உள்ளவர். "ஹஜ்ரத், ஒளூ செய்யும்போது வாய் கொப்பளித்தால் தண்ணீர் சிவப்பாக வருகிறது. நோன்பு இருக்கிறதா, முறிந்துவிட்டதா? ஒளூ நிற்குமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். எத்தனை நாட்களாக இப்படி என்று கேட்டோம். இரண்டு வருடமாக என்றார். பல் மருத்துவரிடம் போனீர்களா என்றதற்கு, சட்டைப்பையிலிருந்து ஒரு வேப்பங்குச்சியை எடுத்துக் காட்டினார். "நாற்பது வருடமாக இதுதான். எங்கள் பாட்டனாருக்குத் தொண்ணூறு வயதில் ஒரு பல் ஆடவில்லை. ஆஸ்பத்திரியில் பல்லைச் சுரண்டினால் பல் ஆடிப்போகும் என்கிறார்களே!"

மார்க்கச் சட்டத்தை அப்போதே சொல்லிவிட்டோம். எங்கள் பள்ளியில் தென் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த ஷாஃபிஈகளும் வடாற்காட்டிலிருந்து வந்த ஹனஃபிகளும் ஒரே ஸஃப்பில் நிற்பவர்கள். ஆகவே இரண்டையும் சொல்ல வேண்டியிருந்தது. ஈறிலிருந்து கசியும் இரத்தம் ஷாஃபிஈ மத்ஹபில் ஒளூவை முறிக்காது. ஹனஃபி மத்ஹபில் உமிழ்நீரை விட இரத்தம் மிகுந்தோ, அதற்குச் சமமாகவோ இருந்தால் ஒளூ முறியும். எச்சில் வெறும் மஞ்சளாக இருந்தால் முறியாது. நோன்பைப் பொறுத்தவரை, இரத்தம் கலந்த உமிழ்நீரை விழுங்காமல் துப்பிவிட வேண்டும். ஓயாமல் இரத்தம் கசிந்து தவிர்க்கவே இயலாத நிலையில் உள்ளவருக்கு ஷாஃபிஈ அறிஞர்கள் சலுகை அளித்திருக்கிறார்கள். பெரியவர் ஷாஃபிஈ. மனம் ஆறுதலடைந்து சென்றார். ஆனால் நமக்குத்தான் மனம் ஆறவில்லை. சட்டம் கேட்டார், சொன்னோம். நோய்க்கு என்ன சொன்னோம்? அவருடைய கையிலிருந்த குச்சி அவருக்கு உதவியதா, அல்லது அவரை இரண்டு வருடம் வீட்டிலேயே உட்கார வைத்ததா? இக்கேள்வியைத் தொடர்ந்து நாம் படித்தவற்றையே இங்கே எழுதுகிறோம்.

முதலில் மதீனாவிலிருந்து தொடங்குவோம். உம்மத்திற்குச் சிரமமாகிவிடும் என்ற அச்சம் இல்லாவிட்டால் ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்வதைக் கட்டாயமாக்கியிருப்பேன் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்திருக்கிறார்கள். கடமையாக்க எண்ணிப் பின் இரக்கத்தால் விடப்பட்ட ஒரு செயல் என்பதைக் கவனிக்க வேண்டும். நபியவர்களின் இறுதி வேளையில், அப்துர் ரஹ்மான் பின் அபீபக்ர் (ரலி) கையில் பச்சைக் குச்சியோடு உள்ளே வந்ததும், நபியவர்களின் பார்வை அதன் மேல் படிந்ததைக் கண்ட அன்னை ஆயிஷா (ரலி) அதை வாங்கித் தம் பல்லால் மென்று மிருதுவாக்கிக் கொடுத்ததும் நம் குழந்தைகள் மக்தபிலேயே அறிந்த வரலாறு.

அதிகம் சொல்லப்படாத இன்னொரு நிகழ்வு முஸ்னத் அஹ்மதில் வருகிறது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மிஸ்வாக் பறிப்பதற்காக அராக் மரத்தில் இருந்தபோது காற்று அவருடைய ஆடையை விலக்கிற்று. மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தார்கள். மறுமைத் தராசில் அக்கால்கள் உஹது மலையை விடக் கனமானவை என்று நபியவர்கள் அவர்களுக்கு உணர்த்தினார்கள். இந்த நிகழ்வைப் பாடத்தில் சொல்லும்போது பிள்ளைகள் கால்களைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். நாம் அந்த மரத்தைப் பற்றியும் கேட்கச் சொல்வோம். அது எங்கோ அரபு மண்ணில் மட்டும் இருக்கும் மரம் என்றே பலர் எண்ணியிருக்கிறோம்.

அது நம் மரமும்தான். அராக் என்று அரபியர் அழைப்பதை நம் முன்னோர் உகாய் என்று அழைத்தார்கள். குறுந்தொகைப் பாடல் ஒன்று அதன் அடிமரத்தின் நிறத்தைப் புறாவின் முதுகோடு ஒப்பிடுகிறது. வேதாரண்யத்தை அடுத்த கோடியக்கரைக் காட்டில் இன்றும் உகாய் இயல்பாக வளர்ந்து நிற்கிறது. நாகூருக்கு ஜியாரத் செல்லும் நம்மவர்கள் பலர், அதிலிருந்து சில மணி நேரத் தொலைவில் அம்மரம் இருப்பதை அறியாமல், மண்ணடி அங்கப்ப நாயக்கன் தெருவில் வெளிநாட்டிலிருந்து உறையிட்டு வந்த குச்சியை வாங்கித் திரும்புகிறார்கள்.

குச்சியால் பல் துலக்கும் வழக்கமும் இம்மண்ணுக்குப் புதிதன்று. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் ஒன்றான ஆசாரக்கோவை, அதிகாலையில் எழுந்து குச்சியால் பல் துலக்கி, கண் கழுவி, அதன் பின்னரே தெய்வத்தைத் தொழுமாறு விதிக்கிறது. கி.பி. 671இல் சீனாவிலிருந்து கடல் வழியே புறப்பட்டு நாளந்தாவில் கற்ற பௌத்தத் துறவி யிஜிங், தம் குறிப்பில் பற்குச்சிக்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். குச்சி பன்னிரண்டு விரலளவுக்கு மேல் போகலாகாது, எட்டு விரலளவுக்குக் குறையலாகாது. ஒரு நுனியை மென்று பல் தேய்த்தபின் அதைப் பிளந்து நாக்கை வழிக்க வேண்டும் என்றெல்லாம் எழுதியிருக்கிறார். நபியவர்கள் மறைந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் எழுந்த பயணம் அது. மதீனாவிலும் நாளந்தாவிலும் தமிழகத்திலும் வணக்கத்திற்கு முன் வாய் தூய்மை பெற வேண்டும் என்று மக்கள் எண்ணியிருந்தார்கள்.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்ற பழமொழியில் உள்ள வேல் என்பது வேம்பு என்று சிலர் பொருள் கொள்கிறார்கள். அது வேலமரம், அதாவது கருவேல். எங்கள் ஊருக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டின் பெயரே பழைய வேலங்காடு என்பதிலிருந்து வந்தது என்பர். இன்று எண்ணூர்ப் பக்கம் புதராக மண்டிக் கிடப்பதோ சீமைக் கருவேல். அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அயலிலிருந்து கொண்டுவரப்பட்ட வேறு மரம். பழமொழியை நம்பி அதை ஒடித்து வாயில் வைக்க வேண்டாம்.

அரபுக் குச்சிதான் வேண்டும் என்று மார்க்கம் வற்புறுத்தவில்லை. ஷாஃபிஈ ஃபிக்ஹ் நூல்களில், பல்லின் மஞ்சளை நீக்கும் சொரசொரப்பான தூய பொருள் எதுவாயினும் ஸுன்னத் நிறைவேறும். அராக் சிறந்தது, அவ்வளவே. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர் ஷாஃபிஈ சட்டங்களை அரபுத்தமிழில் எழுதி நம் பாட்டிமார்களின் கைகளிலும் சேர்த்ததால், கடற்கரை ஊர்களில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களும் இவற்றை அறிந்திருந்தார்கள். ஆக, வேப்பங்குச்சி வைத்திருந்த பெரியவர் ஸுன்னத்தைப் பேணியவரே. அதில் ஐயமில்லை. ஐயம் வேறிடத்தில் இருக்கிறது.

ஈறு நோய் எதனால் வருகிறது என்பதை உலகம் மிக மெதுவாகவே கண்டுகொண்டது. 1683ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாளிட்ட கடிதத்தில், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லேவன்ஹூக், தம் பல்லிடுக்கிலிருந்து சுரண்டிய வெண்ணிறப் பொருளைத் தாம் செய்த உருப்பெருக்கியின் கீழ் வைத்தபோது எண்ணற்ற சிற்றுயிர்கள் ஓடித் திரிந்ததை இலண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். நாள்தோறும் உப்பால் பல் தேய்ப்பவர் அவர்! வாழ்நாளில் பல்லே துலக்காத ஒரு முதியவரின் வாயிலிருந்தும் எடுத்துப் பார்த்திருக்கிறார். அதற்குப் பின் இரண்டு நூற்றாண்டுகள் கழிந்து, 1890இல், பெர்லினில் பணியாற்றிய மில்லர் வாயின் நுண்ணுயிரிகளைப் பற்றித் தனி நூல் எழுதினார். நம் ஊர்களில் ரோஸ் நிறப் பல்பொடிப் பொட்டலங்கள் வழியாகப் பரவிய பயோரியா என்ற சொல், ஈறில் சீழ் வடியும் இந்நோயின் பழைய மருத்துவப் பெயர்தான்.

ஐயத்துக்கு இடமில்லாத சான்று 1965இல்தான் கிடைத்தது. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹாரல்ட் லோ என்னும் ஆய்வாளர், ஆரோக்கியமான ஈறுகளை உடைய பன்னிரண்டு பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார். பத்து முதல் இருபத்தொரு நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு வீங்கிற்று. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சில நாட்களில் சரியாயிற்று. பல்லில் ஒட்டும் படலமே காரணம், அதை நீக்குவதே தீர்வு என்பது உறுதிப்பட்டது.

இதே லோ அடுத்துச் செய்த ஆய்வு நம்மை நேரடியாகத் தொடுகிறது. இது தமிழர்களின் வாய்களில் எழுதப்பட்ட வரலாறு. 1970இல் இலங்கை மலையகத்தின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் தமிழர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் மாவட்டங்களிலிருந்து கப்பலேற்றப்பட்ட கூலிகளின் வழி வந்தவர்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியிருந்தது. அவர்களிடம் வழக்கமான பல் துலக்கும் பழக்கம் எதுவும் இல்லை. பல் மருத்துவமும் எட்டவில்லை. அதனாலேயே, மனிதன் தலையிடாவிட்டால் ஈறு நோய் எவ்வாறு நடக்கும் என்று பார்க்க ஏற்றவர்களாக அவர்கள் கருதப்பட்டார்கள். 1971, 1973, 1977, 1982, 1985 ஆகிய ஆண்டுகளில் திரும்பத் திரும்ப வந்து ஈறின் ஆழத்தை அளந்தார்கள். இறுதிப் பரிசோதனையில் 161 பேர் எஞ்சியிருந்தார்கள்.

முடிவுகள் 1986இல் வெளிவந்தன. எல்லோருடைய பற்களிலும் படலமும் காரையும் தடித்திருந்தன; ஏறக்குறைய எல்லா ஈறுகளும் வீங்கியிருந்தன. ஆயினும் நோய் ஒரே வேகத்தில் நடக்கவில்லை. சுமார் 81 விழுக்காட்டினருக்கு மிதமாக முன்னேறிற்று. சுமார் 8 விழுக்காட்டினருக்கு நெருப்புப் போலப் பரவி, இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கி, நாற்பத்தைந்து வயதில் ஏறத்தாழ எல்லாப் பற்களும் போயின. எஞ்சிய சுமார் 11 விழுக்காட்டினருக்கோ ஈறு வீக்கத்தைத் தாண்டி ஒன்றுமே ஆகவில்லை. பற்சொத்தை அம்மக்களிடம் ஏறக்குறைய இல்லை என்பதால், விழுந்த பற்கள் எல்லாம் ஈறு நோயால் விழுந்தவையே.

அந்த 11 விழுக்காட்டில் சற்று நின்று யோசிக்க வேண்டும். எதுவுமே செய்யாமல் பல் காத்தவர்கள் அவர்கள். பத்தில் ஒருவருக்கு அல்லாஹ் அத்தகைய உடலமைப்பைக் கொடுத்திருக்கிறான். தொண்ணூறு வயதில் பல் ஆடாத பாட்டனார் வேப்பங்குச்சியால் அப்படி இருந்தாரா, அல்லது அந்தப் பத்தில் ஒருவராக இருந்தாரா? ஒரு மனிதரை மட்டும் வைத்து இதைச் சொல்லவே முடியாது. பல்லை இழந்த மற்றப் பாட்டனார்களைப் பற்றி எந்தக் குடும்பமும் பெருமையாகப் பேசுவதில்லை அல்லவா? வாட்ஸ்அப்பில் வரும் 'எங்கள் தாத்தா' கதைகள் அனைத்திற்கும் இந்த ஒரு கேள்வி போதும்.

இந்த ஆய்வைப் படித்தபோது நமக்கு ஒரு கசப்பும் உண்டாயிற்று. அந்தத் தொழிலாளர்களின் ஈறுகளிலிருந்து பெறப்பட்ட அறிவு உலகின் பல் மருத்துவப் பாடநூல்களில் எல்லாம் இருக்கிறது. அவர்களுடைய பற்கள்தான் இல்லை. 2010இல் மீண்டும் தேடிச் சென்றபோது முதற்குழுவில் 75 பேரையே பரிசோதிக்க முடிந்தது.

இனி இலைகளுக்கும் குச்சிகளுக்கும் வருவோம். ஆய்வுக்கூடம் இவற்றை ஒதுக்கித் தள்ளிற்று என்று எண்ணுவோர் உண்டு. உண்மை அவ்வாறன்று. உலகச் சுகாதார நிறுவனம் 1980களிலேயே, பழக்கமுள்ள நாடுகளில் மிஸ்வாக்கை ஊக்குவிக்கலாம் என்றது. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் அபீர் ஸொஃப்ராத்தா என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2008இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். கிருமிகள் பரப்பிய தட்டில் மிஸ்வாக் துண்டைப் பதித்தும், தட்டைத் தொடாமல் மேலே தொங்க வைத்தும் பார்த்தார்கள். தொடாமல் இருந்தபோதும் ஈறு நோய்க் கிருமிகள் மடிந்தன. குச்சியிலிருந்து ஆவியாக எழுந்த ஏதோ ஒன்று வேலை செய்தது. 2011இல் அதைப் பென்சைல் ஐசோதயோசயனேட் என்று இனங்கண்டார்கள். புதிய மிஸ்வாக்கை மெல்லும்போது நாக்கில் உறைக்கும் கடுகுக் காரம் அந்த வகைப் பொருளாலேயே வருகிறது. உகாய், கடுகு, முருங்கை, பப்பாளி ஆகிய நான்கும் தாவரவியலில் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. பப்பாளி விதையின் காரமும் இதே பொருள்தான். ஆகவே காரம் போய்க் காய்ந்து விறகான குச்சியை மாதக்கணக்கில் சட்டைப்பையில் வைத்திருப்பதில் பயன் குறைவு. நுனியை அவ்வப்போது வெட்டிப் புதிதாக மெல்ல வேண்டும்.

வேம்பின் வரலாற்றில் நாம் பெருமையோடு நினைக்க வேண்டிய ஒருவர் ஸலீமுஸ்ஸமான் சித்தீக்கீ (1897–1994). ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட்டில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி, ஹகீம் அஜ்மல் கான் தொடங்கிய டெல்லி திப்பியா கல்லூரியில் ஆய்வுக்கூடம் அமைத்தவர். யூனானி மருத்துவர்கள் பயன்படுத்தும் மூலிகைகளை வேதியியல் கண்ணாடியால் பார்த்தார். சர்ப்பகந்தியிலிருந்து தாம் பிரித்தெடுத்த பொருளுக்கு ஹகீமின் நினைவாக அஜ்மலீன் என்று பெயரிட்டார். அது இதயத் துடிப்புச் சீர்கேட்டுக்கு மருந்தாயிற்று. 1942இல் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின், நிம்பினின், நிம்பிடின் ஆகிய கசப்புப் பொருட்களைப் பிரித்தெடுத்து உலகுக்கு அறிவித்தார். வேம்பைப் பற்றிய இன்றைய ஆய்வுகள் அனைத்துக்கும் அடித்தளம் அது. யூனானியை மூடநம்பிக்கை என்று தள்ளாமலும், ஆதாரமின்றித் தலையில் தூக்கி வைக்காமலும் சோதித்துப் பார்த்த அந்த மனப்பாங்கு நம்மிடையே அருகிவிட்டது. எங்கள் பகுதியிலேயே, ராயபுரத்தில், மத்திய அரசின் வட்டார யூனானி மருத்துவ ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதைக் கடந்து பேருந்தில் செல்லும் நம்மில் எத்தனை பேர் உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறோம்?

வேப்பிலைச் சாற்றை மனிதர்களின் வாயிலேயே சோதித்த ஆய்வும் உண்டு. 2004இல் மணிப்பாலைச் சேர்ந்த ஆய்வாளர்கள், வேப்பிலைச் சாறு சேர்ந்த களிம்பை இருபது முதல் முப்பது வயதுக்குட்பட்ட 36 ஆண்களிடம் ஆறு வாரம் பரிசோதித்து, பற்படலமும் கிருமிகளும் குறைந்ததைக் கண்டார்கள். கொய்யா இலை, மாவிலை, துளசி, புதினா பற்றியும் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. நரம்பை நீக்கி மாவிலையைச் சுருட்டிப் பல் தேய்த்த பாட்டிகளை நாமும் கண்டிருக்கிறோம். கொய்யா இலையை ஆதிகால நாட்டு மருந்து என்பார்கள். அம்மரம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வழியே நம்மிடம் வந்து சில நூற்றாண்டுகளே ஆகின்றன. பயன் பழமையால் வருவதில்லை என்பதற்காகச் சொன்னோம்.

அக்கட்டுரைகளைப் படிக்கும் முறையை நம் கல்லூரிப் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும். இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, நீரிலோ சாராயத்திலோ ஊற வைத்து, வடித்து, ஆவியாக்கிச் சாரத்தை எடுப்பார்கள். சிறு காகித வட்டில் அதை ஏற்றி, கிருமி வளர்த்த தட்டில் வைப்பார்கள். வட்டைச் சுற்றிக் கிருமி வளராத வெற்றிடம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பார்கள். இவ்வளவுதான் பெரும்பாலான ஆய்வுகள். இதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. ஒன்று, தட்டில் கிருமி தனித்தனியே கிடக்கிறது. பல்லிலோ பிசின் போன்ற படலத்துக்குள் ஒன்றன் மேல் ஒன்றாகப் பதுங்கியிருக்கிறது. தட்டில் சாறு ஒரு நாள் முழுதும் ஊறுகிறது. வாயில் உமிழ்நீர் சில நிமிடங்களில் கழுவிவிடுகிறது. மற்றொன்று, பல ஆய்வுகள் சோதிப்பது பற்சொத்தைக் கிருமியை. ஈறு நோயில் முதன்மையானது போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ். 1998இல் பாஸ்டன் நகர ஆய்வாளர் சோக்ரான்ஸ்கியும் குழுவினரும் அதை மேலும் இரண்டு கிருமிகளோடு சேர்த்துச் சிவப்புக் குழு என்று வகைப்படுத்தினார்கள். அது காற்றுப்பட்டால் வளராதது. அதை வளர்க்கத் தனிக் கருவிகள் வேண்டும். எளிதாக வளர்வதை வைத்துச் சோதித்துவிட்டு ஈறு நோய்க்கு மருந்து கண்டதாகத் தலைப்பிடுவது நேர்மையன்று.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. சவூதி அரேபியாவில் 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முறையாகக் கற்பிக்கப்பட்ட பின் மிஸ்வாக் பயன்படுத்தியவர்களுக்குப் படலமும் ஈறு வீக்கமும் நன்றாகவே குறைந்தன. அதே நாட்டில் 1991இல் வெளியான ஆய்வோ, மிஸ்வாக் பயன்படுத்துவோரிடம் ஈறு கீழிறங்கும் குறை மிகுதி என்றது. இரண்டும் முரண் அல்ல. குச்சி ஒன்றே, தேய்க்கும் விதம் வேறு. இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) தம் ஸாதுல் மஆதில், மிஸ்வாக்கின் பயன்களைச் சொல்லும் இடத்திலேயே, அளவோடு செய்ய வேண்டும், மிகைப்படுத்தினால் பல்லின் பளபளப்புப் போகும் என்று எச்சரித்திருக்கிறார்கள். கி.பி. 1350இல் மறைந்தவர் சொன்ன எச்சரிக்கை அது. பயன்களை மட்டும் பட்டியலாக்கிப் பகிர்வோர் இப்பகுதியை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

அறியாத மரத்திலிருந்து மிஸ்வாக் எடுக்கக் கூடாது, அது நஞ்சாக இருக்கலாம் என்பதும் அவர்களுடைய அறிவுரையே. காத்திவாக்கத்தில் வாழும் நாம் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டு செல்ல வேண்டியிருக்கிறது. மரம் தெரிந்த மரம்தான். அதன் மேல் படிந்திருப்பது என்ன? 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது முதல் நிலக்கரிச் சாம்பல் எங்கள் வாழ்வின் ஒரு பகுதியாயிற்று. அந்நிலையம் 2017இல் மூடப்பட்டாலும் கொசஸ்தலை ஆற்றங்கரையில் சாம்பல் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் கரையோர மரங்களின் அடி வரை கறுப்பாகப் படிந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். நெடுஞ்சாலையோர வேம்பின் இலையைத் தடவினால் விரல் கறுக்கிறது. அந்த இலையைக் கிள்ளி அரைத்துக் குழந்தையின் ஈறில் தடவுவது எப்படி இயற்கை மருத்துவமாகும்? மத்ரஸாப் பிள்ளைகளிடம் நாம் சொல்லிவிட்டோம்: சாலையோர மரத்திலும் ஆலைச் சுவரோர மரத்திலும் குச்சி ஒடிக்காதீர்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வேப்பிலை வேறு, வேப்பெண்ணெய் வேறு. மலேசியாவில் கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டியதால் வலிப்பும் மயக்கமும் கண்டு ஈரலும் மூளையும் பாதிக்கப்பட்ட நிகழ்வுகளை 1981இல் லான்செட் மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது. குழந்தையின் வாய்ப்புண்ணுக்கோ வேறு எதற்கோ வேப்பெண்ணெய் உள்ளே செலுத்துவது அறவே கூடாது.

மீண்டும் பெரியவரிடம் வருவோம். படலம் பல்லில் தங்கி உமிழ்நீரின் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து காரையாக இறுகிவிட்டால், எந்தக் குச்சியும் எந்த இலைச் சாறும் அதைக் கரைக்காது. கருவி கொண்டுதான் எடுக்க வேண்டும். சுத்தம் செய்தபின் பல் ஆடுவது போல் தோன்றுவது ஏனென்றால், எலும்பு கரைந்த பல்லை அதுவரை காரைதான் சுவர் போலப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. பல்லை ஆட்டியது மருத்துவர் அல்லர். நோய் முன்பே ஆட்டிவிட்டது. சர்க்கரை நோய் ஈறு நோயை வளர்க்கும், ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுக்குள் வரவிடாது. இதை அவரிடம் வரைந்து காட்டி விளக்கினோம். பெருநாள் கழிந்து, அவருடைய மகன் அவரைக் காத்திவாக்கத்தில் மின்சார ரயிலேற்றி, சென்னைக் கோட்டை நிலையத்துக்கு அருகிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துச் சென்றார். இரண்டு பற்களைக் காப்பாற்ற முடியவில்லை. மற்றவை இருக்கின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே போயிருந்தால் என்று மகன் சொன்னபோது பெரியவர் தலை குனிந்தார். நாமும்தான், ஏனெனில் மிஸ்வாக்கின் சிறப்பைப் பற்றி நாம் செய்த பயான்களில் ஒருமுறையேனும் ஈறில் இரத்தம் வந்தால் மருத்துவரைப் பாருங்கள் என்று சொன்னதாக நினைவில்லை.

இப்போது அவர் காலையிலும் இரவிலும் பிரஷ்ஷும், ஒவ்வொரு ஒளூவுக்கும் மிஸ்வாக்கும் செய்கிறார். குச்சியை ஈறோடு அழுத்தித் தேய்க்காமல், நுனியை மென்று நார் நாராக்கி, ஈறிலிருந்து பல் முனை நோக்கி மெதுவாக இழுக்கிறார். கடைசியாக அவர் கேட்டது, நோன்பு நாளில் லுஹருக்குப் பின் மிஸ்வாக் செய்யலாமா என்பது. நோன்பாளியின் வாய் வாடை அல்லாஹ்விடம் கஸ்தூரியை விட மணமானது என்ற கருத்துள்ள ஹதீஸை வைத்து, சூரியன் உச்சி சாய்ந்தபின் மிஸ்வாக் செய்வது மக்ரூஹ் என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான சொல். ஹனஃபியில் அவ்வாறில்லை. ஆனால் ஷாஃபிஈ மத்ஹபின் தூணாகிய இமாம் நவவீ (ரஹ்) அவர்களே தம் அல்மஜ்மூஃ நூலில், அது மக்ரூஹ் அல்ல என்ற கருத்தையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஈறு நோயுள்ளவர் அதன்படி நடப்பதில் குற்றமில்லை என்றோம். வல்லாஹு அஃலம்.